சீன, வியட்நாமிய உணவகங்களில் சாப்பிடுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சீன உணவகமும் வியட்நாமிய உணவகமும் பல நகரங்களில் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கின்றன. சில இடங்களில் இரண்டும் ஒரே கடைதான். வியட்நாமில் தலைமுறைகளாக வாழ்ந்த ஹோவா எனப்படும் சீன வம்சாவளியினர் நடத்தும் கடைகளில், வறுத்த வாத்தும் ஃபோ எனும் அரிசி நூடுல்ஸ் சூப்பும் ஒரே மெனுவில் இடம்பெற்றிருக்கும். இரண்டிலும் சாப்ஸ்டிக், இரண்டிலும் நூடுல்ஸ், இரண்டிலும் தேநீர் என்பதால் ஒன்றில் நடந்துகொள்வது போலவே மற்றொன்றிலும் நடந்துகொண்டால் போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சாப்பிட வருபவரிடம் இவை எதிர்பார்க்கும் வேலை வேறு வேறு. சீன உணவகத்தில் ஒரு வேளை உணவு நன்றாக அமைவதும் அமையாததும் பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. வியட்நாமிய உணவகத்திலோ கிண்ணம் மேசைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் எளிதில் பிடிபடும்.

1. எந்தக் கடை, எந்த நேரம்

சீன உணவு என்பது ஒற்றைச் சமையல் அன்று. ஆகவே கடை எந்தப் பகுதியின் சமையலைச் செய்கிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் பளபளப்பாக வறுத்த வாத்தும் பன்றி இறைச்சியும் தொங்கினால், அது கான்டனீஸ் சமையல், அதாவது குவாங்டாங், ஹாங்காங் வழி வந்தது; அங்கே ஆவியில் வேகவைத்தவையும் மென்மையான சுவைகளும் சிறப்பாக இருக்கும். மெனுவில் காய்ந்த மிளகாயும் சிச்சுவான் மிளகும் மீண்டும் மீண்டும் வந்தால் அது சிச்சுவான் கடை. கையால் இழுத்த நூடுல்ஸ், ஆட்டிறைச்சி, கோதுமை மாவுக் கொழுக்கட்டைகள் ஆகியவை வடக்கு, வடமேற்குப் பகுதிகளைக் காட்டும். ஒரு கடை எதில் தேர்ந்ததோ அதையே அங்கே கேட்பது நல்லது. சிச்சுவான் கடையில் ஆவியில் வேகவைத்த மீனைக் கேட்டுவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்று குறைசொல்வதில் நியாயமில்லை.

வியட்நாமியக் கடைகளில் மெனுவின் நீளமே ஒரு குறிப்பு. ஃபோ மட்டும் விற்கும் சிறிய கடையில், அந்த ஒரே சூப்பின் மீது முழுக் கவனமும் இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிட்ட பதார்த்தங்கள் கொண்ட கடையில் எல்லாம் கிடைக்கும். எல்லாமே ஒரே தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நேரமும் முக்கியம். திம்சம், அதாவது தேநீரோடு சிறு சிறு அளவில் வரும் கான்டனீஸ் பண்டங்கள், காலை முதல் பிற்பகல் தொடக்கம் வரைக்குமான உணவு. மாலையிலும் அதை விற்கும் கடைகள் உண்டென்றாலும், ஆவிக்கூடைகள் தொடர்ந்து நிரம்பிக் காலியாகும் காலை நேரத்தில்தான் அது புதிதாகக் கிடைக்கும். ஃபோ வியட்நாமில் முதன்மையாகக் காலை உணவு. ஹனோயின் பூன் சா, அதாவது கரியில் சுட்ட பன்றி இறைச்சியும் அரிசி நூடுல்ஸும், மதிய உணவு.

2. தவிர்க்க வேண்டியதை உட்கார்ந்தவுடன் சொல்லுங்கள்

சைவ உணவு மட்டும் உண்பவர்களும், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தவிர்ப்பவர்களும், ஒவ்வாமை உள்ளவர்களும் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது. பெயரில் காய்கறி மட்டுமே இருக்கும் பல பதார்த்தங்களில் இறைச்சி ஒரு மசாலாவைப் போலப் பயன்படுகிறது. மாப்போ டோஃபு எனும் காரமான சோயா பனீர் பதார்த்தத்தில் கொத்திய மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ வழக்கமாகவே இருக்கும். சிச்சுவானின் புகழ்பெற்ற ‘மீன் மணக் கத்திரிக்காய்’ பதார்த்தத்தில் மீன் இருக்காது. ஆனால் கொத்திய பன்றி இறைச்சி இருக்கலாம். எண்ணெயில் சுருங்க வதக்கிய பீன்ஸிலும் அப்படியே. முள்ளங்கிக் கேக்கில் உலர்ந்த இறாலும் சீனத் தொத்திறைச்சியும் சேர்க்கப்படுவதுண்டு. கீரையின் மேல் ஊற்றும் ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலிருந்து வருவது.

ஆகவே ‘சைவம்’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், இறைச்சி வேண்டாம், கோழிச்சாறு வேண்டாம், ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், உலர்ந்த இறால் வேண்டாம் என்று பொருள் பொருளாகச் சொல்வதே பயன் தரும். வியட்நாமிய மெனுவில் ‘சாய்’ என்ற சொல் சேர்ந்த பதார்த்தங்கள் பௌத்த மரபுச் சைவ உணவுகள். பல வியட்நாமியக் குடும்பங்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் இவற்றை உண்பதால், இது சமையற்காரருக்கு நன்கு பழகிய கோரிக்கைதான். கண்டிப்பான பௌத்த சமையலில் வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. தொட்டுக்கொள்ள மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் கேட்கலாம்.

ஹலால் உணவு தேடுபவர்கள் சீன முஸ்லிம்கள் நடத்தும் கடைகளைப் பார்க்கலாம். வடமேற்குச் சீனாவிலுள்ள லான்சோ நகரின் மாட்டிறைச்சி நூடுல்ஸ் அவர்களிடம் பிறந்ததே. தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சை இலைகள், மஞ்சள் நூடுல்ஸ் என்று நிறங்களாலேயே அதை அடையாளம் காண்பார்கள். மற்றச் சீனக் கடைகளில் பன்றி இறைச்சி வேண்டாம் என்பது மட்டும் போதாது. ஷாவ்சிங் எனும் அரிசி மது பல பதார்த்தங்களில் சேர்கிறது, அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. நிலக்கடலை, இறால் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள், ஒரே வாணலியில்தான் எல்லாம் அடுத்தடுத்துச் சமைக்கப்படுகிறது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அஜினோமோட்டோ பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த சுவையிலிருந்து வந்தது அது. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1968இல் வெளியான ஒரு வாசகர் கடிதத்திலிருந்துதான் ‘சீன உணவக நோய்’ என்ற பேச்சு பரவியது. அதே சுவையூட்டி உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டுகளிலும் உடனடி நூடுல்ஸிலும் இருக்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வேண்டாமென்றால் சேர்க்க வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் முன்பே தயாரித்து வைத்த சாஸிலும் சாற்றிலும் இருப்பதை யாராலும் எடுத்துவிட முடியாது.

3. சீன உணவகத்தில் ஆர்டர் கொடுப்பது

ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் கொடுப்பதுதான் சீன உணவகத்தில் நிகழும் மிகப் பெரிய பிழை. பதார்த்தங்கள் மேசையின் நடுவில் வைக்கப்பட்டு எல்லோராலும் பகிரப்படுவதற்காகவே சமைக்கப்படுகின்றன. நான்கு பேர் என்றால் நான்கு பதார்த்தங்கள், ஒரு சூப், ஆளுக்கொரு கிண்ணம் சோறு என்பது நம்பத்தக்க கணக்கு. எட்டுப் பேருக்கு மேல் போனால் பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதைவிடச் சிலவற்றைப் பெரிய அளவில் கேட்பது நல்லது.

அடுத்து, மேசையை ஒட்டுமொத்தமாகப் பார்க்க வேண்டும். ஒரே முதன்மைப் பொருள் இரண்டு முறை வரக் கூடாது. ஒரே சமையல் முறையும் மீண்டும் மீண்டும் வரக் கூடாது. மூன்று பேர் தனித்தனியே தங்களுக்குப் பிடித்ததைச் சொன்னால், மூன்று தட்டிலும் ஒரே பழுப்பு நிற இனிப்புச் சாஸில் பொரித்த கோழி வந்து நிற்பது வழக்கமான காட்சி. ஆகவே ஒருவர் பொறுப்பேற்று எல்லோருடைய விருப்பத்தையும் கேட்டுக்கொண்டு ஆர்டர் கொடுப்பதே சிறந்தது. ஆவியில் வெந்தது ஒன்று, அதிகத் தீயில் வதக்கியது ஒன்று, நெடுநேரம் சோயா சாஸில் கொதித்து மிருதுவானது ஒன்று, ஒரு கீரை என்று அமைத்தால் சலிப்பு வராது. எடுத்துக்காட்டாக, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி ஆவியில் வேகவைத்த முழு மீன், காரமான மாப்போ டோஃபு, நிலக்கடலையுடன் வதக்கிய குங்பாவ் கோழி, பூண்டு சேர்த்த கீரை ஆகிய நான்கும் ஒரு மேசையில் சண்டையிடாமல் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் சிச்சுவானை ஆண்ட டிங் பாவ்சென் என்ற அதிகாரியின் பட்டப்பெயரே அந்தக் கோழிக்கு அமைந்தது.

கீரையை மெனுவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘இன்று என்ன கீரை வந்திருக்கிறது?’ என்று கேட்டால், பட்டாணித் தளிரோ சோய்சம்மோ வள்ளைக்கீரையோ எது புதிதாக உள்ளதோ அதைச் சொல்வார்கள். பூண்டு சேர்த்தா, இஞ்சி சேர்த்தா என்பது மட்டும் உங்கள் தேர்வு. இந்த ஒரு கேள்வி, பணியாளர் உங்களை நடத்தும் விதத்தையே மாற்றிவிடும் என்பது என் அனுபவம். தொட்டியில் நீந்தும் மீனுக்கும் நண்டுக்கும் மெனுவில் விலைக்குப் பதிலாக ‘அன்றைய விலை’ என்று எழுதியிருந்தால், எடையையும் மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தயங்க வேண்டியதில்லை.

ஜெனரல் ட்ஸோ கோழியைச் சீனாவின் பழைய சமையல் என்று எண்ணி ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு. ஹூனான் மாநிலத்தைச் சேர்ந்த சமையற்கலைஞர் பெங் சாங்குவெய் தைவானில் 1950களில் உருவாக்கியது அது. பிறகு நியூயார்க்கில் இனிப்பேறிப் புகழடைந்தது. நன்றாகச் செய்திருந்தால் அதைச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை.

4. மேசையில் உட்கார்ந்த பிறகு

பதார்த்தங்கள் சமைத்து முடிந்த வரிசையில் வரும். எல்லாம் ஒன்றாக வரட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்தது ஆறிவிடும். சுழலும் வட்டத்தட்டு இருந்தால், அடுத்தவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது அதைச் சுழற்றக் கூடாது. பொதுவான கரண்டியோ பொதுவான சாப்ஸ்டிக்கோ வைக்கப்பட்டிருந்தால் அதைக்கொண்டே எடுத்து, முதலில் உங்கள் கிண்ணத்தில் வைத்துப் பிறகு உண்ணுங்கள். மூத்தவர்கள் தொடங்கும்வரை காத்திருப்பதும், முதல் துண்டை அவர்களுக்கு எடுத்து வைப்பதும் மரியாதை. வியட்நாமியக் குடும்பங்களில் இளையவர்கள் பெரியவர்களைச் சாப்பிட அழைத்த பிறகே கிண்ணத்தில் கைவைப்பார்கள்.

சாப்ஸ்டிக் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியவை மிகக் குறைவு. சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுவத்தியை அது நினைவூட்டும். ஆளைச் சுட்டிக் காட்டவும் கூடாது, தட்டில் கிளறித் தேடவும் கூடாது. சோற்றுக் கிண்ணத்தை வாயருகே தூக்கிப் பிடிப்பது சரியான முறையே. கைவராதவர்கள் கரண்டியும் முள்கரண்டியும் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சிச்சுவான் தட்டில் குவிந்து கிடக்கும் காய்ந்த மிளகாய்கள் தின்பதற்கு அல்ல. அவற்றுக்கு நடுவிலுள்ள கோழித் துண்டுகளைப் பொறுக்கி எடுப்பதே முறை. உதடு மரத்துப்போவது போல் தோன்றினால் அது ஒவ்வாமை என்று அஞ்ச வேண்டாம்; சிச்சுவான் மிளகின் இயல்பே அது, சில நிமிடங்களில் தணிந்துவிடும். அப்போது தண்ணீரைவிடச் சோறு அதிகம் உதவும்.

5. திம்சம்: தேநீரிலிருந்து தொடங்குவது

திம்சம் சாப்பிடுவதைக் கான்டனீஸ் மக்கள் தேநீர் அருந்தப் போவது என்றே சொல்கிறார்கள். ஆகவே பணியாளர் முதலில் கேட்பதும் எந்தத் தேநீர் என்பதுதான். மல்லிகைத் தேநீர் இலகுவானது. கருமையான பூ-எர் கொழுப்பான பண்டங்களுக்குப் பொருந்தும். உங்கள் கோப்பையை நிரப்பும் முன் மற்றவர்களுடையதை நிரப்ப வேண்டும். உங்களுக்கு ஒருவர் ஊற்றும்போது இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றி சொல்லும் முறை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்தாமலேயே நன்றி சொல்லிவிடலாம். தேநீர்க்குடுவை காலியானால் மூடியைச் சற்றுத் திறந்து சாய்த்து வையுங்கள், வெந்நீர் வந்துவிடும்.

சில கடைகளில் தள்ளுவண்டி வரும். அதைப் பார்த்துக் கைகாட்டினால் போதும், அட்டையில் முத்திரை இடுவார்கள். மற்றக் கடைகளில் மேசையிலுள்ள தாளில் எண்ணிக்கையைக் குறித்துக் கொடுக்க வேண்டும். முதல் சுற்றில் குறைவாகக் கேட்டுப் பிறகு கூட்டிக்கொள்வது அறிவுடைமை. ஒரு கூடையில் மூன்று அல்லது நான்கு துண்டுகள்தாம் இருக்கும் என்பதால் ஆட்களின் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி போன்ற தோலுக்குள் இளஞ்சிவப்பாகத் தெரியும் இறால் கொழுக்கட்டையான ஹார்காவ் ஒரு சமையலறையின் தரத்தைச் சொல்லிவிடும்: தோல் சாப்ஸ்டிக்கில் கிழியக் கூடாது, தடித்தும் இருக்கக் கூடாது.

ஷாங்காய் வழிவந்த, சாறு நிறைந்த கொழுக்கட்டையான ஷாவ்லாங்பாவ் மேசைக்கு வந்தால் சற்றுப் பொறுமை வேண்டும். அதன் உள்ளே உறைந்த நிலையில் வைத்த இறைச்சிச் சாறு ஆவியில் உருகிக் கொதித்துக்கொண்டிருக்கும். முழுதாக வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். மேலே மடிப்புகள் சேரும் முனையில் பிடித்து மெல்லத் தூக்கிப் பீங்கான் கரண்டியில் வையுங்கள். பக்கவாட்டில் சிறிதாகக் கடித்துச் சாற்றை ஆறவிட்டு உறிஞ்சிய பிறகு, கருப்பு வினிகரில் ஊறிய இஞ்சித் துருவலை வைத்து மீதியை உண்ணுங்கள். கூடையில் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும். கிழிந்தால் சாறெல்லாம் கூடைக்குப் போய்விடும்.

6. வியட்நாமிய மெனுவைப் படிப்பது

வியட்நாமிய மெனுவில் முதற்சொல்லைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஃபோ என்றால் தட்டையான அரிசி நூடுல்ஸ் சேர்ந்த சூப். பூன் என்றால் உருண்டையான மெல்லிய அரிசி நூடுல்ஸ். மி என்றால் கோதுமை நூடுல்ஸ். கொம் என்றால் சோறு. இரண்டாம் சொல் இறைச்சியைக் குறிக்கும்: போ மாடு, கா கோழி, ஹெயோ பன்றி, தோம் இறால். இங்கே பெரும்பாலான பதார்த்தங்கள் ஒருவருக்கான கிண்ணமாகவே வருவதால் ஆளுக்கொன்று ஆர்டர் கொடுக்கலாம். பகிர்ந்துகொள்ள ஒரு தட்டு ரோல்கள் போதும்.

மாட்டிறைச்சி ஃபோவில் எந்தப் பகுதி இறைச்சி என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தாய் என்பது பச்சையாகச் சீவிய மெல்லிய துண்டு, கொதிக்கும் சாற்றிலேயே வேகும், சின் முன்பே நன்கு வெந்தது, கன் தசைநார், சாக் இரைப்பை. முதல்முறை வருபவர்களுக்குத் தாயும் சின்னும் கலந்த கிண்ணம் ஏற்றது. காரம் விரும்புகிறவர்கள் ஹுவே நகரத்துப் பூன் போ ஹுவேயைக் கேட்கலாம். எலுமிச்சைப்புல்லும் நொதித்த இறால் விழுதும் சேர்ந்த அதன் மணம் ஃபோவைவிடப் பன்மடங்கு முரட்டுத்தனமானது. பன்றிக் காலும் உறைந்த இரத்தத் துண்டும் அதில் இருக்கக்கூடும்.

7. ஃபோ கிண்ணம் வந்த பிறகு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் உருவான ஃபோ, 1954இல் நாடு பிரிந்தபோது தெற்கே சென்ற மக்களோடு சைகோனுக்குப் போனது. அங்கே துளசியும் முளைப்பயறும் எலுமிச்சையும் அதோடு சேர்ந்தன. 1975க்குப் பிறகு அகதிகளாக வெளியேறியவர்கள் உலகெங்கும் கொண்டுசென்றது பெரும்பாலும் இந்தத் தெற்கத்தி வடிவம். ஆகவே வடக்கின் ஹனோய் முறைக் கடையில் இலைத்தட்டு வராவிட்டால் அது கஞ்சத்தனம் அன்று. அங்கே பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயுமே வழக்கம்.

கிண்ணம் வந்தவுடன் சாஸ் புட்டியைத் தேடாதீர்கள். சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய் ஆகியவற்றோடு எலும்பு பல மணி நேரம் கொதித்த சாறு அது. முதல் மூன்று கரண்டிகளையாவது அப்படியே குடித்துப் பாருங்கள். பிறகு பச்சை இறைச்சித் துண்டுகளைச் சாற்றுக்குள் அமிழ்த்துங்கள், ஆறிவிட்டால் அவை வேகாது. துளசி இலைகளைக் காம்பிலிருந்து கிள்ளிக் கையால் கிழித்துப் போடுங்கள். ஓரத்தில் ரம்பம் போன்ற பற்களுள்ள நீண்ட இலைக்குக் கொத்தமல்லியைவிட அழுத்தமான மணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் சாறு ஆறிப்போகும், இலையும் கருகும். கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்க வேண்டும். முளைப்பயற்றின் பச்சை வாடை பிடிக்காதவர்கள் வெந்நீரில் காட்டித் தரச் சொல்லலாம். எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து, ஒவ்வொரு முறையும் ருசி பாருங்கள்.

ஹாய்சின் சாஸையும் மிளகாய் சாஸையும் கிண்ணத்துக்குள் ஊற்றுபவர்கள் பலர். அது அவரவர் உரிமை. ஆனால் அந்த இனிப்புச் சாஸ் சாற்றின் மணத்தை மறைத்துவிடுவதால், அவற்றைச் சிறு தட்டில் கலந்து இறைச்சியைத் தொட்டுக்கொள்வதையே பரிந்துரைப்பேன். வலக்கையில் சாப்ஸ்டிக், இடக்கையில் கரண்டி என்று பிடித்து நூடுல்ஸைக் கரண்டியில் சேர்த்து உண்பது வசதி. ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் நூடுல்ஸ் ஊறிக் குழைந்துவிடும்.

8. இலையில் சுருட்டி உண்பவை

அரிசி மாவும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மொறுமொறுப்பான பான் சேவோவையும், பொரித்த ரோல்களான சா யோவையும் முள்கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டால் பாதிச் சுவை போய்விடும். கூடவே வரும் கீரைத்தட்டு அலங்காரத்துக்கு வைக்கப்பட்டதன்று. ஒரு லெட்டூஸ் இலையை உள்ளங்கையில் விரித்து, அதில் ஒரு துண்டையும் புதினா முதலிய இலைகளையும் வைத்து, இறுக்கிச் சுருட்டி, நுவொக் சாமில் முக்கி உண்ண வேண்டும். மீன் சாஸ், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், பூண்டு, மிளகாய் ஆகியவை கலந்தது அது. நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் நொதித்து உருவாகும் மீன் சாஸைப் புட்டியில் நேரடியாக முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பவர்கள், இந்தக் கலவையில் அதன் மணத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

வேகவைத்த இறாலை அரிசித்தாளில் சுருட்டிய கொய் கூன் பொரிக்கப்படாதது; அதை அப்படியே கையால் எடுத்துக்கொள்ளலாம். அதனுடன் வரும் சாஸில் நிலக்கடலை சேர்வது வழக்கம் என்பதை ஒவ்வாமை உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

9. காபியும் பில்லும்

சிறிய உலோக வடிகட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் வியட்நாமியக் காபி கண்டென்ஸ்டு மில்க்கின் மேல் விழும். முழுதும் இறங்கிய பிறகு அடிவரை கலக்கிப் பனிக்கட்டியில் ஊற்ற வேண்டும். அது மெதுவாக இறங்குவதால் சாப்பாட்டின் நடுவிலேயே சொல்லிவைப்பது நல்லது.

இரு வகை உணவகங்களிலும் பெரும்பாலும் நீங்கள் கேட்காமல் பில் வராது, பணியாளரைக் கைகாட்டி அழைப்பதும் மரியாதைக் குறைவாகாது. பல வியட்நாமியக் கடைகளில் நேராகக் கல்லாவுக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லிப் பணம் கட்டுவதே வழக்கம். டிப்ஸ் கொடுப்பது கடை எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு முறைப்படி. சீன நண்பர் அழைத்திருந்தால் பில்லை அவரே எடுக்க முனைவார்; ஒருமுறை மறுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வேளை உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். மீந்ததைக் கட்டித் தரச் சொல்வதில் வெட்கமில்லை, ஆனால் ஃபோவைப் பார்சல் வாங்கும்போது மட்டும் சாறும் நூடுல்ஸும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.